அம்பத்தூர் பிளாட்டை விற்றுக் கோத்தகிரியில் வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. தனியார் நிறுவனத்தில் ஓய்வு பெற்றேன். கையில் 60 லட்சம் இருக்கிறது. பி.எஃப். பென்ஷன் மாதம் 4,200 ரூபாய், செலவு 38,000. அம்பத்தூர் பிளாட் 80 லட்சத்துக்குப் போகும். வாடகைக்கு விட்டால் 17,000 வரும். மே மாதம் கோத்தகிரியில் நான்கு நாள் தங்கினோம். அந்தக் காற்றும் தேயிலைச் சரிவும் மனதை விட்டுப் போகவில்லை. மனைவிக்கு மூட்டு வலிகூடத் தெரியவில்லை. அங்கே எட்டு சென்ட்டில் ஒரு வீடு 70 லட்சத்துக்கு வருகிறது. அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 16,000தான். பிளாட்டை விற்று வாங்கிவிடலாமா? நாங்கள் இல்லாத நாட்களில் ஹோம்ஸ்டேவாக விடும் எண்ணமும் உண்டு. புரோக்கர் இரண்டு லட்சம் டோக்கன் கேட்கிறார்.

பதில்: கோத்தகிரிக்குப் போங்கள் சார். டோக்கன் மட்டும் கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கு. வீடு 70 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 6.3 லட்சம். புரோக்கருக்கு ஒன்றரை லட்சம் வையுங்கள். பிளாட் விற்ற பணத்தில் மிஞ்சுவது இரண்டு லட்சத்துச் சொச்சம். மலைச் சரிவில் ஒரு தடுப்புச் சுவர் எடுத்துக் கட்டக்கூட அது போதாது. ஒரு வீட்டை விற்ற லாபத்தை உரிய காலத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் வரிச் சலுகை உண்டு, அதில் பயமில்லை. ஆனால் அந்த 70 லட்சம் 7 சதவீத வட்டியில் சும்மா கிடந்தாலே மாதம் ஏறக்குறைய 41,000 தரும். 16,000 கொடுத்தால் கிடைக்கும் அதே ஜன்னலுக்கு நீங்கள் 41,000 கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பிளாட்டை 17,000க்கு விடுங்கள், கோத்தகிரியில் 16,000க்கு எடுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போதும். 60 லட்சத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும், அதாவது மாதம் 20,500. தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் 15 லட்சம் போட்டால், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. பென்ஷனையும் சேர்த்தால் மாதம் 34,000க்குச் சற்றுக் குறைவு. விழும் துண்டு நாலாயிரம். மீதி 15 லட்சத்தில் ஐந்தை அவசரத்துக்கு வங்கியில் வைத்துவிட்டு, பத்தைப் பங்கும் கடன் பத்திரமும் கலந்த நிதானமான மியூச்சுவல் ஃபண்டில் போட்டு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், நீங்கள் பார்த்தது மே மாதம். கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருக்கும் ஊர். அதற்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். ஏற்காட்டில் வீடு வாங்கிய என் பெரியப்பா மகன் முதல் மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தபோது, இடுப்பு பெல்ட் முழுக்கப் பச்சையாகப் பூஞ்சை. சுவரில் ஓதம், போர்வையில் ஈர வாடை. நாலாவது வருஷம் விற்க நினைத்தார். ஆள் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. மூட்டு வலியையும் மார்கழிக் குளிரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால் யார் வண்டி ஓட்டுவது என்பதையும் வீட்டில் பேசி வையுங்கள். ஊட்டியில் 2025-ல் 700 படுக்கை அரசு மருத்துவமனை திறந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் அங்கே போவதும் மலைப்பாதையில்தான்.

ஹோம்ஸ்டே வருமானத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். அனுமதியில்லாத காட்டேஜ்களுக்கு அதிகாரிகள் சீல் வைப்பதும் நடக்கிறது. சொந்தமாக வாங்கியவர்கள் பலருக்கு இந்தக் கனவுதான் முதலில் கலைகிறது.

ஒரு வருடம் இருந்து பார்த்தும் ஆசை குறையவில்லையா? தாராளமாக வாங்குங்கள், உங்கள் காசு. ஆனால் முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லை அளவு வரைபடம்), கட்டட வரைபட அனுமதி எல்லாவற்றையும் உங்கள் சொந்த வக்கீல் பார்க்கட்டும், புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம். அந்த சர்வே எண் 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வந்தால் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. மலைப்பகுதியில் கட்டடத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அனுமதியை மீறி ஒரு மாடி ஏற்றியிருந்தால் அந்தத் தலைவலியும் உங்களுக்கே வரும். மழை பெய்து முடிந்த மறுநாள் வீட்டின் பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

புரோக்கரிடம் தை பிறக்கட்டும் என்று சொல்லுங்கள். இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறார் என்பார். அந்தப் பார்ட்டி மே மாதத்திலிருந்தே ரெடியாகத்தான் இருந்திருப்பார்.