கணப்பும் புகைக்கூண்டும்: நீங்க கேட்டதுக்கு பதில்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் உறைபனி விழ ஆரம்பிச்சாலே ஃபயர்பிளேஸ், அதாவது கணப்பு பத்தி கேள்வி குவிஞ்சிடும். பழைய பங்களா வாங்கினவங்க, ஹோம்ஸ்டே நடத்தறவங்கதான் அதிகம் கேக்கறாங்க. அதுல சில கேள்வியும் பதிலும் கீழ.

குன்னூர்ல பழைய வீடு வாங்கி ஜன்னல் எல்லாம் யுபிவிசி (இடுக்கில்லாம மூடற பிளாஸ்டிக் சட்டம்) போட்டோம். அதுக்கப்புறம் கணப்பு மூட்டினா ஹால் முழுக்க புகை. சிம்னி க்ளீன் பண்ணியும் சரியாகல.

புகைக்கூண்டு மேல தப்பே இல்ல சார், ஜன்னல்தான் காரணமா இருக்கும். நெருப்பு எரியறப்ப புகையோட சேர்த்து ரூம்ல இருக்க காத்தும் மேல போயிட்டே இருக்கும், போற அளவுக்கு வெளிய இருந்து உள்ள வரணும், பழைய மர ஜன்னல் இடுக்குல அது தானா வந்துட்டு இருந்துச்சு, இப்ப நீங்க எல்லாத்தையும் அடைச்சுட்டீங்க. இதுல கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வேற ஓடுச்சுன்னா கேக்கவே வேணாம், அது இழுக்கற இழுப்புக்கு புகைக்கூண்டு வழியாவே காத்து கீழ இறங்கும். கிச்சன் ஃபேனை ஆஃப் பண்ணுங்க, கணப்புக்கு பக்கத்து ஜன்னலை ரெண்டு விரக்கடை திறந்து வைங்க, விறகு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஊதுபத்தியை கணப்பு வாயோட மேல் விளிம்புல பிடிச்சு பாருங்க. புகை உள்ள சாஞ்சு மேல ஏறினா சரி. உங்க மூஞ்சிக்கு வந்தா கூண்டு இன்னும் ஜில்லுனு இருக்கு, நியூஸ்பேப்பரை சுருட்டி பத்தவச்சு உள்ள மேல தூக்கிப் பிடிங்க, சூடு ஏறினதும் இழுக்க ஆரம்பிச்சிடும்.

அப்பவும் சரிவரலன்னா கூண்டோட உயரத்தைப் பாருங்க. கூரையைத் தாண்டி 3 அடியாவது இருக்கணும், சுத்தி 10 அடிக்குள்ள இருக்க எதையும் விட 2 அடி ஒசரமா இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்திருந்தாலோ சில்வர் ஓக் மரம் வளந்திருந்தாலோ இந்த கணக்கு மாறிடும்.

தைல மரம் எரிக்கலாமா? கரி நிறைய பிடிக்கும்ங்கறாங்க.

தாராளமா எரிக்கலாம், காஞ்சிருந்தா. சீகை (வாட்டில்) மரமும் அப்படித்தான். பச்சை விறகுல பாதி எடை தண்ணி, நெருப்போட சூடு அதை ஆவியாக்கறதுலயே போயிடும், புகை ஆறிப்போய் கூண்டுச் சுவர்ல தார் மாதிரி ஒட்டிக்கும். தைல மரத்தை பச்சையா இருக்கப்பவே பொளந்துடுங்க, காஞ்சப்புறம் கோடாலி இறங்காது. ஊட்டி மழையில வெறும் தார்ப்பாய் போட்டு மூடினா காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். மேல கூரை, பக்கவாட்டுல காத்து, அடியில ரெண்டு கட்டை, குறைஞ்சது ஆறு மாசம், ஒரு வருஷம்னா நல்லது. ரெண்டு துண்டைத் தட்டினா டங்குனு கேக்கணும். ப்ளைவுட், பெயின்ட் அடிச்ச பலகை வேண்டவே வேண்டாம்.

கல்லுப்பு போட்டு எரிச்சா சிம்னி சுத்தமாயிடும்னு ஒரு வீடியோ பாத்தேன்.

ஆகாது. பிரஷ் விட்டு தேய்க்கறதுக்கு ஈடு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிஞ்சு சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க, கரி 3 மில்லிமீட்டர் தடிச்சாலே எடுக்கணும். செங்கல் கூண்டுக்கு கம்பி பிரஷ், உள்ள ஸ்டீல் பைப் இருந்தா நைலான். சாக்குல கல்லைக் கட்டி கயிறு விட்டு ஆட்டறது பழைய கூண்டுல உள்பூச்சை பேத்துடும். மைனா கூடு, தேன்கூடு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. கரி பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா மூட்டவே மூட்டாதீங்க, அது கூண்டுக்குள்ளயே தீப்பிடிக்கும், உள்ள இருந்து குபுகுபுன்னு இரைச்சல் வரும். அப்படி வந்தா எல்லாரும் வெளிய வந்துட்டு தீயணைப்புக்கு 101 அடிங்க. மேல இருந்து தண்ணி ஊத்தினா செங்கல் வெடிக்கும்.

ராத்திரி தணல் இருக்கப்ப டேம்பரை (புகைக்கூண்டு வழியை அடைக்கற தகடு) மூடிட்டு தூங்கலாமா? ரூம் சூடு நிக்கும்ல?

கூடாது. ஜுவாலை இல்லாத தணல்லதான் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு அதிகம், வாசனையும் கிடையாது. மூடின ரூம்ல அடுப்புக்கரி வச்சு தூங்கினவங்க காலையில எந்திரிக்கலன்னு மலையில இருந்து செய்தி வந்திருக்கு. ஹோம்ஸ்டேகாரங்க ரூமுக்கு ஒரு சிஓ (கார்பன் மோனாக்சைடு) அலாரம் மாட்டுங்க, கெஸ்ட்டுக்கு சிகடி (கரி அடுப்பு) கொடுக்காதீங்க.

சாம்பலை செடிக்குப் போடலாமா?

முட்டைக்கோஸுக்கு கொஞ்சம் போடலாம். தேயிலைக்கு வேண்டாம், அதுக்கு புளிப்பு மண்ணுதான் பிடிக்கும், சாம்பல் அதைக் கெடுத்துடும். ஹைட்ரேஞ்சியா நீலமா பூக்கணும்னா அதுக்கும் வேண்டாம். எங்க போட்டாலும் முதல்ல மூடி போட்ட தகர வாளியில ரெண்டு மூணு நாள் வெளிய வைங்க, சாம்பலுக்குள்ள கங்கு அவ்ளோ நேரம் உயிரோட இருக்கும், பிளாஸ்டிக் பக்கெட்டும் மரத் திண்ணையும் ஆகாது.

கோயம்புத்தூர்ல இருக்கேன், கிச்சன் சிம்னி ஃபில்டர் மட்டும்தான் என் பிரச்சனை!

ஸ்டீல் ஃபில்டர்னா கொதிதண்ணி, சலவை சோடா, அரை மணி நேரம். அலுமினிய வலைன்னா பாத்திர லிக்விட் மட்டும், சோடா பட்டா கறுத்துடும்.