முதலில் நிறமா, கூலியா?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்கா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிறவெறி அரசை முதலில் வீழ்த்துவோம், கூலிப் பிரச்சினையைப் பிறகு பார்ப்போம் என்றார்கள் விடுதலை இயக்கத்தார். 1994இல் அந்த அரசு போன பிறகும் ஏழை ஏழையாகவே இருக்கிறான். தொடக்கம் முதலே வர்க்கப் போராட்டமாக நடத்தியிருந்தால் வெள்ளைத் தொழிலாளியும் சேர்ந்திருப்பான் அல்லவா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

சேர்ந்திருக்க மாட்டான். 1922இல் ஜோஹன்னஸ்பர்க் வட்டாரத் தங்கச் சுரங்கங்களில் வெள்ளைத் தொழிலாளர்கள் முதலாளிகளுக்கு எதிராக ஆயுதமே ஏந்தினார்கள். அரசு விமானத்திலிருந்து குண்டு போட்டது. அவர்கள் பதாகையில் இருந்தது என்ன தெரியுமா? உலகத் தொழிலாளர்களே, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுபட்டுப் போராடுங்கள்! மார்க்ஸ் பார்த்திருந்தால் தாடியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

1924இல் வந்த தொழில் சட்டம், பாஸ் (நடமாட்ட அனுமதிச் சீட்டு) சுமந்த கறுப்பர்களை ‘ஊழியர்’ என்ற சொல்லின் விளக்கத்திலிருந்தே நீக்கிவிட்டது. ஊழியரே இல்லை என்றால் சங்கத்துக்கு அங்கீகாரம் ஏது? கூலி கேட்டாலே நிறச் சட்டத்தில்தான் போய் முட்ட வேண்டும். எது முதலில் என்று வரிசை போட அவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

1973 ஜனவரி 9, டர்பன். கொரோனேஷன் செங்கல் ஆலையில் சுமார் 2000 பேர் வேலைக்குப் போகாமல் கால்பந்து மைதானத்தில் கூடினார்கள். வாரக்கூலி 9 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) அளவில் இருந்தது, கேட்டது 30. பேச ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள் என்றது நிர்வாகம். மாட்டோம் என்று கூட்டம் கத்தியது. பெயர் கொடுத்தால் வேலை போவதும் போலீஸ் வருவதும் அந்தப் பெயர்களுக்குத்தான். எந்தக் கட்சி வகுப்பும் சொல்லித்தராத தந்திரம் இது. கிடைத்த கூலி உயர்வு சொற்பம். ஆனால் வேலைநிறுத்தம் டர்பன் முழுக்கப் பரவி, புதிய சங்கங்கள் முளைத்தன.

உங்கள் கவலையை அந்தச் சங்கங்களே பட்டன. விடுதலை வந்தபின் தொழிலாளி கைவிடப்படுவான், அவனுக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று 1982இல் அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபொசாட்டுவின் பொதுச்செயலாளர் ஜோ ஃபாஸ்டர் எச்சரித்தார். எனக்கு அதில் உடன்பாடுதான். ஆனால் ஆலை வாசலோடு நின்றுவிட முடியுமா? சாயங்காலம் வீடு திரும்பினால் வாடகை உயர்ந்திருக்கிறது, மகன் பள்ளியில் ராணுவம் நிற்கிறது. 1984 நவம்பரில், ஜோஹன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தில் மாணவர்களும் சங்கங்களும் சேர்ந்தே இரண்டு நாள் வேலை மறுப்பு நடத்தினார்கள்.

கோளாறு பிற்பாடு வந்தது என்பதே என் கணிப்பு. சங்கத் தலைமை ஆளுங்கட்சிக் கூட்டணியில் போய் உட்கார்ந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுச்செயலாளராக 1987 வேலைநிறுத்தத்தை நடத்திய சிரில் ராமபோசா, 2012இல் லோன்மின் என்ற பிளாட்டினச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். அந்த ஆகஸ்ட் 16இல் லோன்மினின் மரிக்கானா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களும் அந்தச் சங்கத்தை நம்பாமல், தாங்களாகவே பாறைக்குன்றில் கூடியிருந்தவர்கள்தான்.