கைவேலை கேள்வி – பதில்: குரோஷா பழகுவோருக்கு

ஆச்சியின் பெட்டியில் பழைய குரோஷா ஊசியும் (நூல் பின்னும் கொக்கி ஊசி) வெள்ளை நூல்கண்டும் கிடைத்தன. அதை வைத்தே பழகலாமா? நான் போடும் சங்கிலி (பின்னலுக்கு அடியாகப் போடும் வளையத் தொடர்) கல்லாக இறுகுகிறது, அடுத்த வரிசைக்கு ஊசியே நுழையவில்லை.
– வாசகி, காரைக்குடி

பத்திரமாக எடுத்து வையுங்கள், பழகுவதற்கு வேண்டாம். அந்த ஸ்டீல் ஊசிகள் பெரும்பாலும் 1, 1.5 மி.மீ. கனம்தான். நூலும் மெல்லிசு. தப்பு எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாமல் திருத்த முடியாது. 4 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்றும், அதற்கேற்ற தடித்த நூல் 100 கிராமும் வாங்குங்கள். மஞ்சள், இளம்பச்சை போன்ற வெளிர்நிறம் நல்லது. கறுப்பும் கருநீலமும் ஆகாது. புசுபுசுவென்று மயிர் எழும்பும் உல்லனும் ஆகாது. பிரிக்கும்போது சிக்கிக்கொள்ளும், பழகும் காலத்தில் பாதி வேலை பிரிப்பதுதானே! நாலு ஊக்கு, இன்ச் டேப், முனை மழுங்கிய பெரிய ஊசி ஆகியவையும் கூடையில் இருக்கட்டும்.

சங்கிலி ஏன் இறுகுகிறது என்பதற்கு ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொக்கிக்குக் கீழே கழுத்து ஒடுங்கியிருக்கும். அதற்கும் கீழே தண்டு ஒரே கனமாக ஓடும். ஊசியில் பொறித்திருக்கும் அளவு தண்டின் அளவு. புதிதாகப் பழகுபவர்கள் கண்ணியை, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையத்தை, கழுத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள் (பின்னி முடிந்த ஒவ்வொரு பின்னலையும் கண்ணி என்றே எண்ணுவோம்). 4 மி.மீ. ஊசியில் 3 மி.மீ. கண்ணி விழுகிறது. ஒவ்வொரு கண்ணியையும் தண்டுவரை இறக்கிவிட்டு அடுத்ததை இழுங்கள். அப்படியும் இறுகினால், அடிச்சங்கிலியை மட்டும் 5 மி.மீ. ஊசியால் போட்டுவிட்டு 4-க்கு மாறிக்கொள்ளலாம்.

ஒரே பின்னல் ஒரு புத்தகத்தில் ‘டபுள்’ என்றும் இன்னொன்றில் ‘சிங்கிள்’ என்றும் இருக்கிறது. எது சரி?
– வாசகி, கோட்டையூர்

இரண்டும் சரி. ஒன்று பிரிட்டிஷ் வழக்கு, மற்றது அமெரிக்க வழக்கு. கொக்கியில் நூலைச் சுற்றாமல் நுழைத்து இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு கண்ணியையும் ஒரே இழுப்பில் கழிப்பது அமெரிக்காவில் சிங்கிள், பிரிட்டனில் டபுள். ஒருமுறை சுற்றிக்கொண்டு நுழைத்து, இரண்டு இரண்டாகக் கழிப்பது அமெரிக்காவில் டபுள், பிரிட்டனில் டிரெபிள். புத்தகத்தில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தால் அது அநேகமாக அமெரிக்க முறைதான். இந்தப் பக்கத்தில் நாமும் அதையே வைத்துக்கொள்கிறோம்.

சதுரமாகத் தொடங்கினேன், டபுளில்தான் போடுகிறேன். பத்து வரிசை போவதற்குள் முக்கோணமாகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் இருபது பத்தாகியிருக்கிறது.
– வாசகி, தேவகோட்டை

வரிசைக்கு ஒன்று வீதம் போயிருக்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருப்பதால் காரணமும் ஒன்றுதான்: வரிசையின் கடைசி டபுள்.

20 வேண்டுமானால் 22 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் முதல் டபுளைப் போடுவீர்கள். விட்ட மூன்று சங்கிலியும் சேர்ந்து ஒரு டபுள். ஆக 19-ம் 1-ம் இருபது. வரிசை முடிந்ததும் 3 சங்கிலி போட்டுத் திருப்புகிறீர்கள். அதுவும் ஒரு டபுள் கணக்கு என்பதால் அதன் அடியில் இருக்கும் முதல் கண்ணியை விட்டுவிட வேண்டும். இதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். வரிசையின் கோடியில், போன தடவை போட்ட 3 சங்கிலியின் உச்சியில் ஒரு டபுள் போட வேண்டும் என்பதைத்தான் மறக்கிறார்கள். அது டபுள் மாதிரியே தெரியாது, ஓரத்தில் சுருண்டு ஒதுங்கிக் கிடக்கும். 3 சங்கிலி போட்டவுடனே மூன்றாவதில் ஒரு ஊக்கைக் கோத்துவிடுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடம்தான் கடைசி டபுளுக்கு இடம்.

சீர்ப் பலகாரக் கொட்டான் (ஓலைக்கூடை) மேல் போட மணி வைத்த வட்டமான மூடுதுணி பின்னுகிறேன். கொட்டான் வாய் 20 செ.மீ. மூன்றாம் சுற்றிலேயே அப்பளம் மாதிரி நெளிகிறது. 12, 24, 48 என்று சரியாகத்தான் கூட்டுகிறேன்.
– வாசகி, பள்ளத்தூர்

அதுதான் சரியில்லை. நீங்கள் கூட்டவில்லை, இரட்டிக்கிறீர்கள். 12, 24, 36, 48 என்று சுற்றுக்கு 12 மட்டுமே ஏற வேண்டும்.

ஏன் 12? வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு 6.28 பங்கு கூடும். டபுள் தன் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு உயரம். ஆகவே ஒரு சுற்று ஏறினால் சுமார் 12 டபுளுக்கு இடம் பிறக்கிறது. சிங்கிளில் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் 6 போதும். இதற்கு மேல் திணித்தால் ஓரம் நெளியும், குறைத்தால் ஆப்பச்சட்டி போலக் குழியும்.

5 சங்கிலியை வளையமாக இணைத்து, அதற்குள் 3 சங்கிலியும் 11 டபுளும் போட்டால் 12. இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு. மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. நாலாவதில் இரண்டைத் தனித்தனியாகப் போட்டு மூன்றாவதில் இரண்டு. இப்படியே இடைவெளி ஒவ்வொன்றாகக் கூடும். கூட்டலை எப்போதும் கூட்டல் மேலேயே வைத்தால் வட்டத்துக்கு மூலை வந்துவிடும், ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டு மூன்று கண்ணி தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்துப் பார்த்தால் ஓரம் எழும்புவது உடனே தெரியும்.

வாய் 20 செ.மீ. என்றால் சுற்றிலும் 3 செ.மீ. தொங்க, துணி 26 செ.மீ. வேண்டும். மெல்லிய நூலும் 1.5 மி.மீ. ஊசியுமாக ஒரு டபுள் 6.5 மி.மீ. உயரம் வந்தால் 20 சுற்றும், ஓரத்தில் 240 கண்ணியும் ஆகும். உங்கள் கையிறுக்கம் வேறாக இருக்கலாம், நாலு சுற்று பின்னி அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மணிக்குத் தனிச் சுற்று. 6 கண்ணிக்கு ஒன்று வைத்தால் 40 மணி, கைவசம் இரண்டு கூடுதல். முதலிலேயே கோத்துக்கொண்டு இருபது சுற்றும் தள்ளிக்கொண்டே போனால் நூல் தேய்ந்து பஞ்சாகும். அதனால் வட்டம் முடிந்ததும் நூலை நறுக்கி, மணிகள் கோத்த புது நூலை இணையுங்கள். 4 சங்கிலி போட்டு, ஒரு மணியை ஊசியருகே நகர்த்தி அதை அடைத்து ஒரு சங்கிலி, மறுபடி 4 சங்கிலி, ஆறாவது கண்ணியில் ஒரு சிங்கிள். மணி வளைவின் அடியில் தொங்கும். மணியின் கனம்தான் துணியைக் கொட்டான் மேல் படிய வைக்கிறது, பிளாஸ்டிக் மணிக்கு அந்தக் கனம் வராது.

பின்னி முடித்தது தொய்வாக இருக்கிறது. கஞ்சி போடலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பருத்தி நூலானால் தாராளமாகப் போடலாம். ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கண்ணாடியாகும்வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, பின்னியதை அதில் நனைத்தெடுங்கள். தெர்மோகோல் அட்டையில் வட்டம் வரைந்து மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கடிகார முள் நிற்கும் பன்னிரண்டு இடத்திலும் முதலில் குண்டூசி குத்தி, பிறகு இடைகளை இழுத்துக் குத்துங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்க வேண்டும், வெள்ளையில் துருக்கறை பட்டால் போகாது. சிவப்பு, மெரூன் நூல் கலந்திருந்தால் முன்கூட்டியே ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நிழலில் காயட்டும். அக்ரிலிக் உல்லனுக்கு இதெல்லாம் வேண்டாம், இஸ்திரிப்பெட்டி பட்டால் இளகிப் பளபளத்து உயிரில்லாமல் போய்விடும். கஞ்சி போட்டதைப் பல மாதம் பெட்டியில் பூட்டிவைக்கப் போகிறீர்களானால் அலசி எடுத்தே வையுங்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும்.