இன்சுலினுக்குக் காப்பீட்டு அட்டை செல்லாது, இலவசமாகக் கிடைக்க வேறு வழி இருக்கிறது

திருவனந்தபுரம் தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்த அம்மாவின் மாதாந்தர இன்சுலினைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி வாங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. அந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கு உரியது. இன்சுலினுக்கு அட்டையே வேண்டாம். களியக்காவிளைப் பக்கம் உங்களுக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இலவசம்.

அங்கே "இந்த மருந்து இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தால், காரணம் அநேகமாக அந்த மருந்துச் சீட்டுதான். திருவனந்தபுரம் டாக்டர் எழுதியது பேனா போன்ற கருவியில் போடும் பேனா இன்சுலின். அரசு நிலையத்தில் பெரும்பாலும் சிரிஞ்சில் இழுத்துப் போடும் குப்பி இன்சுலின். பழைய சீட்டு, ஆதார், கடைசி சர்க்கரை ரிப்போர்ட் மூன்றையும் கொண்டுபோய் அங்குள்ள டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். அப்படியே, 2021-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும்.

சிரிஞ்சில்தான் ஆபத்து. குப்பியில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் (இன்சுலினை அளக்கும் அளவு) என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு மட்டுமே. அதை ஆரஞ்சு மூடி 100 யூனிட் சிரிஞ்சில் இழுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் மருந்து போகும், சர்க்கரை எகிறும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் மருந்து இரண்டரை மடங்கு ஏறி, உயிருக்கே ஆபத்து.

பேனாவில் போட்ட அளவையே குப்பிக்கும் நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.