பிளாஸ்மாவின் வெப்பக் கடத்தலை வீட்டு லெப்டொப்பில் மாதிரியாக்க முடியுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் வீடு. பேராதனையில் பௌதிகவியல் படிக்கிறேன். அணுக்கரு இணைவு உலைக்குள் பிளாஸ்மா வெப்பத்தை எப்படி இழக்கிறது என்று கணினியில் செய்து பார்க்க ஆசை. சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாமல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்:

பாதி உண்மை. நான் தலவாக்கலைக்காரன். இந்தத் துறையில் கொஞ்சக் காலம் கிடந்தவன் என்பதால் மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

டோகமாக் என்பது டோனட் வடிவ இணைவு உலை. அதில் காந்தப்புலம் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவை, கட்டிவைத்தாலும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மட்டும் எவ்வளவு கசியும் என்பதற்கு நல்ல கோட்பாடு உண்டு. அளந்து பார்த்தால், குறிப்பாக இலத்திரன்கள் வழியாக, அதைவிடப் பல மடங்கு போகிறது. காரணம் கொந்தளிப்பு. அதை அடிப்படையிலிருந்து கணிக்க, துகள் காந்தக் கோட்டைச் சுற்றும் வேகமான சுழற்சியைச் சராசரியாக்கி, ஆறு பரிமாணச் சிக்கலை (இடத்துக்கு மூன்று, வேகத்துக்கு மூன்று) ஐந்தாகக் குறைக்கிறார்கள். ஜெர்மனியில் உருவான ‘ஜீன்’ போன்ற நிரல்கள் செய்வது இதைத்தான். குறைத்த பிறகும் அது ஆயிரக்கணக்கான கணினிக் கோர்களைத் தின்னும் வேலை. உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பெரிய ஓட்டத்தை வைத்து ஒரு முழு உலையின் பல விநாடிகளை யாரும் அன்றாடம் கணிப்பதில்லை. அன்றாட வேலை ஒற்றைப் பரிமாணத்தில் நடக்கிறது: மையத்திலிருந்து ஓரம் வரை ஆரை ஒன்றுதான் மாறி. அதில் வெப்பப் பரவல் சமன்பாடு. நீங்கள் கணித வகுப்பில் தீர்த்த அதே பகுதி வகையீட்டுச் சமன்பாடுதான்.

முதலில் அதைப் பைதனில் நீங்களே எழுதுங்கள். ஆரை 2 மீற்றர் (பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலையின் சிறிய ஆரை, அதாவது டோனட் குழாயின் ஆரை, அவ்வளவுதான்), 50 துண்டு, ஒவ்வொன்றும் 0.04 மீற்றர். பரவல் குணகம் விநாடிக்கு 1 சதுர மீற்றர். இப்போதைய விடையிலிருந்து அடுத்ததை நேரடியாகக் கணிக்கும் எளிய முறையில், நேரப் படி 0.0008 விநாடியைத் தாண்டக்கூடாது. வேண்டுமென்றே 0.001 வைத்து ஓட்டிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ரம்பப் பல்லாகி, வெப்பநிலை மறைப் பெறுமானத்துக்கே போய்விடும். பிளாஸ்மா வெடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், கணக்குத்தான் வெடித்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்காகவே இதைச் செய்யச் சொல்கிறேன்.

அடுத்த படிதான் எனக்குப் பிடித்தது. அந்தக் குணகத்தை மாறிலியாக வைக்காதீர்கள். வெப்பநிலைச் சரிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் கொந்தளிப்பு கிளம்பி, குணகம் திடீரென்று ஏறும். மழைக்காலத்தில் ரோட்டோர மண்மேட்டைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்து கூடினால் சரிந்து, பழைய சாய்வுக்கே வந்து நிற்கும். மேலே எவ்வளவு மண் கொட்டினாலும் சாய்வு மாறாது. உங்கள் நிரலிலும் இதையே காண்பீர்கள். சூடாக்கும் வலுவை இரட்டிப்பாக்கினாலும் மைய வெப்பநிலை கொஞ்சம்தான் அசையும். ஆனால் ஓர வெப்பநிலையைக் கூட்டினால் மையம் அதே விகிதத்தில் ஏறும், ஏனென்றால் இங்கே கட்டுப்படுவது சார்புச் சரிவு, அதாவது சரிவை அந்த இடத்து வெப்பநிலையால் வகுத்தது. பெரிய ஆரை (டோனட்டின் நடுவிலிருந்து குழாயின் நடு வரை) 6 மீற்றர், எல்லைச் சரிவு எண் (எல்லையில் உள்ள சார்புச் சரிவைப் பெரிய ஆரையால் பெருக்கியது) 5 என்று வைத்தால், மையம் ஓரத்தைவிடச் சுமார் 5.3 மடங்கு. ஓரம் 2 கோடி பாகை என்றால் மையம் 10 கோடியைக் கொஞ்சம் தாண்டும். ஓரம் 3 கோடி என்றால் 16 கோடியை நெருங்கும். இணைவுக்கு வேண்டிய 15 கோடி அங்கே வந்துவிட்டது!

1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் இயந்திரத்தில் ஃபிரிட்ஸ் வாக்னர் குழுவினர் கண்ட ‘எச் மோட்’ ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதில் ஓரத்தில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி, ஓர வெப்பநிலை மேலேறுகிறது. ஈட்டர் 50 மெகாவாட் கொடுத்து 500 எடுக்கத் திட்டமிடுவதும் இந்த நிலையை நம்பித்தான்.

இவ்வளவும் கையால் செய்த பிறகு, இதே வேலையைச் செய்யும் ‘டோராக்ஸ்’ என்ற நிரலின் பக்கம் போங்கள். கூகுள் டீப்மைண்ட் 2024-இல் திறந்த மூலமாக வெளியிட்டது, பைதன்தான். அயன் வெப்பம், இலத்திரன் வெப்பம், அடர்த்தி, மின்னோட்டம் என நான்கு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்கும். கொந்தளிப்புக்கு ‘குவாலிகிஸ்’ என்ற மாதிரியின் கோடிக்கணக்கான விடைகளைப் படித்த நரம்பு வலையமைப்பு உள்ளே இருக்கிறது. அதனால்தான் லெப்டொப்பிலும் ஓடுகிறது. முதல் ஓட்டம் கம்பைல் ஆகும்வரை மெதுவாக இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். அந்த வலையமைப்பு தான் படித்த எல்லைக்கு வெளியே கேட்டாலும் கூச்சப்படாமல் ஒரு எண்ணைத் தரும். ஓரத் தடுப்புப் பகுதி அதற்குத் தெரியாது, அந்தப் பெறுமானத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். மேலே பார்த்தபடி முழு விடையும் தொங்குவதோ அந்த ஓரத்தில்! ஆகவே யாராவது அழகான வரைபடம் காட்டினால், ஓர வெப்பநிலையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

டோராக்ஸோடு வரும் நூலகங்கள் டேட்டாவைக் கொஞ்சம் விழுங்கும். கெம்பஸ் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். நீண்ட ஓட்டமென்றால் இடையிடையே விடைகளைக் கோப்பில் எழுதிவையுங்கள். மழை பிடித்தால் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியாததா?