என்எஃப்எஸ் ரூட்: வெர்ஷனைக் குறிப்பிட்டுப் பாருங்கள்

வணக்கம். உங்கள் லினக்ஸ் போர்டு டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் முறை) வழியாக ஐபி முகவரி பெற்ற பிறகும், என்எஃப்எஸ் ரூட்டை (நெட்வொர்க் வழியாகச் சர்வரிலிருந்து எடுக்கும் மூலக் கோப்பமைப்பை) மவுண்ட் செய்ய முடியாமல் கெர்னல் பேனிக்கில் (கெர்னல் மேலே தொடர முடியாத நிலையில்) நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். முகவரி கிடைத்துவிட்டதால் ஈத்தர்நெட் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டாம். கெர்னலுக்குத் தரும் என்எஃப்எஸ்ரூட் அளபுருவில் என்எஃப்எஸ் வெர்ஷனைக் குறிப்பிடாவிட்டால் பல கெர்னல்கள் வெர்ஷன் 2-ஐயே கேட்கும். புதிய லினக்ஸ் சர்வர்களோ அதைக் கைவிட்டுவிட்டன. ஆகவே யூ-பூட்டில் (கெர்னலை ஏற்றும் நிரலில்), கெர்னலுக்கு அளபுருக்களை அனுப்பும் பூட்ஆர்க்ஸ் வரியில், என்எஃப்எஸ்ரூட்டின் அடைவுப் பாதையை அடுத்துக் காற்புள்ளியிட்டு, 'வெர்ஸ்=3,டிசிபி' என்று இடைவெளியின்றிச் சேருங்கள்.

இடைவெளி விடாதது முக்கியம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் என் மேசையிலிருந்த போர்டு இரண்டு நாள் இதே இடத்தில் நின்றதற்குக் காரணம், காற்புள்ளிக்குப் பின் நான் விட்ட ஒரேயொரு வெற்றிடம். கெர்னல் மீதியைத் தனி அளபுருவாக எடுத்துக்கொண்டது. போர்டின் செய்திகள் தெரியும் சீரியல் கன்சோலில் 'கெர்னல் கமாண்ட் லைன்' எனத் தொடங்கும் வரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பகிரும் அடைவுகளைப் பட்டியலிடும், சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'நோ_ரூட்_ஸ்குவாஷ்' (போர்டின் ரூட் பயனருக்கு அந்த அடைவில் ரூட் உரிமையை விட்டுவைக்கும் விருப்பம்) இருக்க வேண்டும்.