பட்டியலுக்குப் பிறகு என்ன?

வணக்கம்.

எங்கள் ஊர் சிறியது. மொத்தம் 6,000 பேர் இருப்போம். சென்ற மாதம் 30 பேர் கூடி, இன்னும் 20 ஆண்டுகளில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசினோம். இரண்டு மணி நேரத்தில் ஒரு பட்டியல் தயாரானது: சுத்தமான ஏரி, பிளாஸ்டிக் இல்லாத தெரு, வீட்டுக்கு வீடு சோலார், நிறைய மரங்கள். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு 11 பேர்தான் வந்தார்கள். அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்படி உட்கார்ந்து கனவு காண்பதில் பயன் உண்டா? அல்லது ஏதாவது ஒரு வேலையை நேரடியாகத் தொடங்கிவிடுவது நல்லதா? ஏரியைத் தூர்வாரலாம் என்கிறார்கள் சிலர்.

க.

அன்புள்ள க.,

நிச்சயமாகப் பயன் உண்டு. ஆனால் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள நான்கும் எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் முதல் அரை மணி நேரத்தில் வருபவை. அதில் உங்கள் ஊர் இன்னும் வரவில்லை. எந்த வாய்க்கால், எந்தத் தெருமுனை, யார், காலை எத்தனை மணி என்பதெல்லாம் வரும்போதுதான் அது உங்கள் கனவாகும். அதுவரை அதற்காக யாரும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க மாட்டார்கள்.

இதற்குச் சோதித்துப் பார்த்த முறைகள் உண்டு. ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் யுங்க் 'எதிர்காலப் பட்டறை' என்று ஒன்றை வடிவமைத்தார். அதில் மூன்று கட்டங்கள்: முதலில் குறை, பிறகு கனவு, கடைசியில் செயல். நீங்கள் நடுவில் இருப்பதை மட்டும் செய்திருக்கிறீர்கள். குறைகளைக் கொட்டித் தீர்க்காமல் கனவுக்குப் போனால், அவை அங்கேயும் வந்து நிற்கும். ஒருவர் ஏதாவது சொன்னதும் இன்னொருவர் "அதெல்லாம் இங்கே நடக்காது" என்பார். ஆகவே முதல் ஒரு மணி நேரம் குறைகளுக்கு மட்டும். அட்டைக்கு ஒரு குறை, ஒரே வரி, யாரும் மறுத்துப் பேசக் கூடாது. அட்டைகளைச் சுவரில் ஒட்டி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வையுங்கள்.

கனவுக் கட்டத்தில் பணம், சட்டம், அதிகாரம் எல்லாம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட குழுவாக உட்காருங்கள். முதல் 10 நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும். இந்த 10 நிமிடத்தை விட்டுவிட்டால், முதலில் வாய் திறப்பவரின் கனவுதான் எல்லோருடையதும் ஆகிவிடும். எழுதும்போது 'வேண்டும்' என்ற சொல் வரக் கூடாது. 2045இல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, காலை 7 மணி; வாசலில் நின்றால் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, என்ன வாடை வருகிறது, குழந்தை எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறது என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள். 'பிளாஸ்டிக் இல்லாத தெரு' என்று எழுதினால் கண்முன் எதுவும் விரியாது. இன்று பிளாஸ்டிக் செய்யும் வேலையை அன்று எது செய்கிறது என்று எழுதினால் விரியும்: கடையில் எண்ணெயை எதில் ஊற்றித் தருகிறார்கள், இறைச்சியை எதில் கட்டுகிறார்கள், மழையில் நனையாமல் மாவை எதில் கொண்டுபோகிறார்கள்?

மூன்றாவது கட்டத்தில் 2045இலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். இது 2045இல் இருக்கிறது என்றால் 2040இல் எது முடிந்திருக்க வேண்டும்? 2032இல்? அடுத்த ஆண்டில்? அடுத்த மாதம்? அயர்லாந்தின் கின்சேல் என்ற சிறு ஊரில் 2005இல் ஒரு கல்லூரி மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர் ராப் ஹாப்கின்ஸும் இப்படித்தான் 2021 வரைக்குமான திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். உணவு, எரிசக்தி, போக்குவரத்து என்று ஒவ்வொரு துறைக்கும் முதலில் ஒரு சித்திரம், பிறகு ஆண்டுவாரியாகப் படிகள். மறு ஆண்டே இங்கிலாந்தின் டாட்னஸ் ஊர் அந்த வழியில் இறங்கியது.

உங்கள் பட்டியலின் முதல் வரியையே இப்படி நடத்திப் பார்ப்போம். 'சுத்தமான ஏரி.' தூர்வாரலாம் என்று சொல்பவர்களிடம் முதலில் ஒரு கணக்கைக் காட்டுங்கள். ஒருவர் நாளுக்கு 100 லிட்டர் தண்ணீர் செலவழித்தால் ஏறத்தாழ 80 லிட்டர் கழிவுநீராக வெளியேறும். 6,000 பேருக்கு நாளொன்றுக்கு 4,80,000 லிட்டர். அது ஏரிக்குள்தான் போகிறது என்றால், நீங்கள் தூர்வாரி முடித்த மறுநாளும் போகும். அதிலுள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு உரம். சில மாதங்களில் ஏரி மறுபடி பச்சையாக மூடிக்கொள்ளும். அவசரத்தில் அளவுக்கு மீறித் தோண்டினால் அடியில் உள்ள களிமண் படுகை உடைந்து தண்ணீரே நிற்காமல் போகவும் கூடும். கழிவுநீர் ஏரிக்குள் நுழையும் இடத்தைச் சரிசெய்யாமல் தூர்வாருவது செலவைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கான வழி. அதை இப்போது தொடங்காதீர்கள்.

சரி, அந்த இடத்தில் என்ன செய்வது? சிறு ஊருக்குப் பொருந்தும் ஒரு வழி நாணல் படுகை. கழிவுநீர் முதலில் ஒரு படிவுத் தொட்டியில் தங்கி, கசடை விட்டுவிட்டு, சரளைக்கல் நிரப்பிய படுகைக்குள் ஊறிச் செல்லும். மேலே நாணலோ கோரையோ வளரும். கல்லிலும் வேரிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். வெப்பமான ஊர்களில் ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் படுகை தேவைப்படும். குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் அதிகம். ஆளுக்கு 2 என்று வைத்தால் 6,000 பேருக்கு 12,000 சதுர மீட்டர், சுமார் 3 ஏக்கர். வாய்க்கால் முடியும் இடத்துக்கும் ஏரிக்கும் நடுவில், வாய்க்காலை விடத் தாழ்வாகவும் ஏரியை விட மேடாகவும் 3 ஏக்கர் இருக்கிறதா? இருந்தால் மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானே ஓடும். இல்லையென்றால் இரண்டு மூன்று வாய்க்கால்களில் சிறு சிறு படுகைகளாகப் பிரிக்க வேண்டும்.

இந்தப் படுகைகள் எதனால் கெடுகின்றன தெரியுமா? பெரும்பாலும் படிவுத் தொட்டியால். அதன் கசடை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கசடு படுகைக்குள் புகுந்து சரளையின் இடுக்குகளை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் மேலே தேங்கும், கொசு வரும், "இதனால்தான் நாற்றம்" என்று ஊரே அதை மூடச் சொல்லும். கல்லை அள்ளிக் கழுவித் திரும்பப் போடுவது புதிதாகக் கட்டுவதற்குச் சமமான வேலை. ஆகவே கனவு அட்டையில் நாணலையும் பறவையையும் வரைபவர்கள், கசடு லாரி வந்து நிற்க 4 மீட்டர் அகலப் பாதை ஒன்றையும் வரைய வேண்டும்.

ஒவ்வொரு கனவு அட்டையின் பின்பக்கத்திலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்: வாரந்தோறும் இதற்கு என்ன வேலை? யார் செய்வார்? எது முதலில் பழுதாகும்? பத்தாவது ஆண்டில் செலவு யாருடையது? சோலார் தெருவிளக்கு என்றால் முதலில் போவது பலகை அல்ல, பேட்டரி. மரம் என்றால் நட்ட எண்ணிக்கையை எழுதவே வேண்டாம். மூன்றாவது கோடையைத் தாண்டி நிற்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்து குப்பை. நேரடியாக ஒரு வேலையைத் தொடங்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான்: குப்பையை எடை போடுவதிலிருந்து தொடங்குங்கள். வெவ்வேறு தெருக்களில் 40 வீடுகள், 8 நாள். முதல் நாள் எடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய குப்பையெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். மீதி 7 நாளும் ஈரம், காகிதம், பிளாஸ்டிக், துணி, மற்றவை என்று பிரித்துத் தராசில் வைத்து எழுதுங்கள். கையுறையும் தார்ப்பாயும் 50 கிலோ தராசும் போதும். ஆளுக்கு 400 கிராம் என்று வந்தால் ஊருக்கு நாளொன்றுக்கு 2.4 டன். அதில் பாதி ஈரக் குப்பை என்றால் 1.2 டன், சுமார் இரண்டரை கன மீட்டர். அதை உரமாக்க, அதே அளவு காய்ந்த சருகு சேர்த்தால்தான் கார்பனும் நைட்ரஜனும் சரியான விகிதத்துக்கு, அதாவது 25 முதல் 30க்கு 1 என்ற அளவுக்கு அருகில் வரும். ஒரு கன மீட்டருக்குக் குறையாத குவியலாகப் போட்டால் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 60 நாள் தங்கவும் புரட்டிப் போடவும் 400 முதல் 500 சதுர மீட்டர் தேவை.

உரக்கிடங்குகள் நாறி மூடப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் சருகுப் பஞ்சம். மரங்கள் இலை உதிர்ப்பது ஆண்டில் சில மாதங்கள்தான். சமையலறைக் குப்பையோ தினமும் வரும். சருகு தீர்ந்ததும் குவியல் நசநசத்து, காற்றுப் புகாமல் அழுகும். எனவே முதலில் கட்ட வேண்டியது சருகு சேமிக்கும் கொட்டகை. தெருவில் சருகைக் கொளுத்துவதை நிறுத்த இதைவிட நல்ல காரணம் கிடையாது.

ஜப்பானில் கமிகட்சு என்ற ஊர் 2003இல், 2020க்குள் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தது. இன்று அங்கே 1,500க்கும் குறைவான பேர்தான். குப்பை வண்டி கிடையாது. மக்களே கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், ஈரக் குப்பை வீட்டிலேயே உரமாகிறது. ஏறத்தாழ 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. மீதி 20 சதவீதம் அவர்கள் கையில் இல்லை. டயப்பர் மாதிரி, செய்யும்போதே பிரிக்க முடியாதபடி செய்யப்பட்ட பொருட்கள். உங்கள் 'பிளாஸ்டிக் இல்லாத தெரு'வுக்கும் இந்த எல்லைக்கோடு தேவை: எது ஊரால் முடியும், எதற்கு வெளியே போய்ப் போராட வேண்டும்? கோடு போடாவிட்டால் எட்டாத 20க்காகச் சோர்ந்து, எட்டக்கூடிய 80ஐயும் கைவிட்டுவிடுவார்கள்.

சோலார் பற்றி ஒன்று மட்டும். டென்மார்க்கின் சம்சோ தீவு 1997இல் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறத் தேர்வானது. நிலத்தில் நிறுவிய 11 காற்றாலைகளில் 9 விவசாயிகளுடையவை, 2 கூட்டுறவுடையவை. தன் பங்கும் அதில் இருப்பவருக்குச் சுழலும் இறக்கை தொந்தரவாகத் தெரிவதில்லை. வீட்டுக்கு வீடு என்பது சொந்தக் கூரை உள்ளவர்களின் கனவு. வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்க்க, பள்ளிக் கூரை போன்ற பொதுக் கூரையில் பங்கு வைக்க முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு வராத 19 பேரை மறுபடி அழைப்பதற்கு முன், முதல் கூட்டத்துக்கே வராதவர்களை நினைத்துப் பாருங்கள். சாக்கடை அடைப்பெடுப்பவருக்கு எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்பது வரைபடத்தை விட நன்றாகத் தெரியும். அவர் வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் வர முடியாது; வந்து இழக்கும் கூலியைக் கொடுத்து அழையுங்கள். கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் வையுங்கள். ஒன்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரக்கூடியதாக இருக்கட்டும். கூட்டத்தை நடத்துபவர் உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவராக வேண்டாம். அவர் முன்னால் குறை சொல்லப் பலர் தயங்குவார்கள். அவர் மூன்றாவது கட்டத்தில் வந்தால் போதும். எதை முதலில் எடுப்பது என்று வாக்கெடுத்தால், அட்டையின் பின்புறம் குறி போடச் சொல்லுங்கள். முன்புறம் போட்டால் முதல் நான்கு குறி விழுந்த இடத்திலேயே மற்றவையும் போய் விழும்.

குப்பை எடைக் கணக்கு கைக்கு வந்ததும் பெரிய எழுத்தில் எழுதி ஊரில் எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் ஒட்டுங்கள். கீழே அடுத்த கூட்டத்தின் தேதியையும், அன்று முடிவெடுக்க வேண்டிய ஒரே கேள்வியையும் எழுதுங்கள்: சருகுக் கொட்டகை எங்கே?